மாஸ்டர் வயிற்றில் டிக்டிக்

எங்கள் மாதா கோயில் பாட்டுக் கோஷ்டியில் எனக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம் என் குரல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் காலத்தில் என்னோடு பாடியவர்கள் சிலர் இன்னும் ராயபுரத்தில்தான் இருக்கிறார்கள். நான் ஏதாவது பெருமை அடித்துக்கொண்டால் வீடு தேடி வந்துவிடுவார்கள். விஷயம் இதுதான்: ஆர்மோனியத்தைக் கோயில் மேல்மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏற ஒரு ஆள் வேண்டியிருந்தது. மைக் 'கொய்ங்' என்று கத்தினால் அதன் மண்டையில் தட்டி அடக்கவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நான் இருந்தேன். மற்றவர்கள் பாடும்போது நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் நன்றாயிருக்காது என்பதால், கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால், கட்டைக்குரல்காரர்களோடு நிற்க விட்டார்கள்.

"நீ வாயை மட்டும் அசை நைனா. சத்தம் வாணாம்." பாட்டு மாஸ்டரிடம் நான் பெற்ற சங்கீதப் பயிற்சி முழுவதும் இவ்வளவுதான்.

மாஸ்டருக்குத் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை நாள் முழுக்க எண்ண வேண்டும். அந்த மூட்டைகளைக்கூடத் தாளம் போட்டுத்தான் எண்ணுவார் என்று சொல்வார்கள். குள்ளமான, ஒல்லியான மனிதர். ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் தெரியும். அந்தத் தலை ஆடுகிற ஆட்டத்தை வைத்துத்தான் கோஷ்டி பாடும்.

பாடும் என்றா சொன்னேன்? இழுக்கும். எங்கள் கோஷ்டியின் வியாதியே அதுதான். வியாதி எங்கிருந்து பரவுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பெண்கள் வரிசைக்குத் தலைமை மாஸ்டரின் மனைவி. நாங்கள் அக்கா என்போம். காசிமேட்டில் மீன் ஏலம் போடுகிறவர்கள் பொறாமைப்படுகிற குரல். சுருதி சுத்தம். ஒரே ஒரு சங்கடம், ஒரு வரி முடிந்தால் அதை விட்டுப் பிரிய அக்காவுக்கு மனசு வராது. கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார். கூட்ஸ் வண்டி போய் முடியட்டும் என்று ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நிற்கிற ஜனங்கள் மாதிரி நாங்களும் நிற்போம்.

மாஸ்டரால் இதை அக்காவிடம் சொல்ல முடியவில்லை. துறைமுகத்தில் மேஸ்திரிகளை அதட்டுகிற மனிதர்தான். ஆனால் சாப்பாடு வீட்டில்தானே.

அந்த வருஷம் ஈஸ்டர் பூசையில் இது முற்றிவிட்டது. எங்கள் கோயில் பங்கில் பாதி ஆண்கள் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ திருவொற்றியூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ ஷிப்ட் பார்ப்பவர்கள். பகல் ஷிப்ட்டுக்கு இரண்டாம் சங்கு ஊதுமுன் கேட்டில் நிற்க வேண்டும். நாங்கள் பூசைக் கடைசியில் வரும் திருவிருந்துப் பாடலை இழுத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, சிலுவை போட்டுக்கொண்டு, பின்கதவு வழியாக நழுவினார்கள். பங்குச் சாமியார் கடைசி ஆசீர் கொடுக்கக் கையைத் தூக்கியபோது ஆண்கள் பக்கம் பெஞ்சுகள்தான் அதைப் பெற்றுக்கொண்டன.

சாமியார் புதிதாக வந்தவர், தஞ்சாவூர்ப் பக்கம். கோபப்படத் தெரியாதவர். அதனால் அவர் சொல்வது இன்னும் ஆழமாக இறங்கும். பூசை முடிந்ததும் மேல்மாடிக்கு ஏறி வந்தார். நான் ஆர்மோனியத்தைத் தூக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தேன்.

"மாஸ்டர், மே மாதக் கடைசியில் மாதா திருவிழா. அன்றைக்கும் ஆசீர் வாங்காமல் இவர்கள் எழுந்து போனால் என் மனசு தாங்காது. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக் கோஷ்டி இருக்கிறது. இந்தத் திருவிழாவையும் பார்த்துவிட்டு, அடுத்த வருஷத்திலிருந்து அவர்களைக் கூப்பிடலாமா என்று யோசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும் போல நீங்களே பாடுங்கள்."

அவர் இறங்கிப் போனபிறகு மாஸ்டர் ஆர்மோனியத்தின் மூடியைச் சாத்தினார். திரும்பத் திறந்தார். திரும்பச் சாத்தினார்.

"எங்க அப்பாரு காலத்துலேர்ந்து திருவிழாப் பாட்டு எங்க கைல கீது நைனா. என் கைலேர்ந்தா போவணும்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் துறைமுக கேட் எதிரில் இருந்த டீக்கடைக்கு என்னை வரச் சொன்னார். அங்கே ஒரு கதை சொன்னார். எப்போதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலில் கணக்குப் பார்க்க ஏறியபோது, சாப்பாட்டு ஹாலில் ஒரு பியானோவையும் அதன்மேல் ஒரு மரக் கூம்பையும் பார்த்தாராம். அதில் ஒரு முள் இப்படியும் அப்படியுமாக ஆடி, டொக்கு டொக்கென்று சத்தம் போட்டதாம். வாசிக்கிறவன் அதன் வேகத்துக்குத்தான் வாசிக்க வேண்டும்.

"அந்த மாதிரி ஒண்ணு இருந்தா போதும்பா. நான் சொன்னா அது புருசன் சொன்னதாயிடும். அப்பால வூட்ல பேஜாரு. பொட்டி சொன்னா பொட்டி சொன்னது. பொட்டி கூட யாரு சண்டை போடுவா?"

இங்கேதான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. நான் அப்போது மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். மீட்டர் முள் ஆடாமல் பார்த்துக்கொள்வது வேலை. தபால்வழிப் பாடத்தில் டிரான்சிஸ்டர் பற்றி அரைகுறையாகப் படித்து, முழுசாகப் பேசிக்கொண்டிருந்த காலம். "இது ஒரு மேட்டரா மாஸ்டர்? முள்ளே வாணாம். ரெண்டு டிரான்சிஸ்டர் போட்டா எந்தக் கப்பல்லயும் இல்லாத மாதிரி ஒண்ணு கட்டித் தரேன்" என்றேன். மாஸ்டர் எனக்கு இன்னொரு டீ சொன்னார். அந்த டீயைக் குடித்துவிட்டபிறகு பின்வாங்குவது எப்படி?

மூர் மார்க்கெட்டில் செத்துப்போன ரேடியோ ஒன்றின் வயிற்றிலிருந்து இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களைப் பிடித்தேன். இருமல் மிட்டாய் வந்த தட்டையான தகர டப்பா ஒன்று வீட்டில் இருந்தது. அதற்குள் எல்லாவற்றையும் அடக்கினேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. ஒரு குட்டி ஸ்பீக்கர். 'டிக், டிக்' என்று அது முதலில் பேசியபோது ஒரு தகப்பனுக்குரிய எல்லா அசட்டுத்தனமும் என் முகத்தில் இருந்திருக்கும்.

பொருளைச் செய்தால் போதாது, அளந்து சரிசெய்ய வேண்டும் என்பது என் தொழில். தொழிற்சாலையின் கன்ட்ரோல் ரூமில் ஸ்டாப்வாட்ச் இருந்தது, ஏ.சி. இருந்தது. ஏ.சி. எங்களுக்காகப் போட்டதில்லை, மீட்டர்களுக்காக. அவற்றின் புண்ணியத்தில் நாங்களும் குளிர்ந்தோம். மாஸ்டர் தலையாட்டிக் காட்டிய வேகத்துக்குத் திருகை வைத்து, சாப்பாட்டு இடைவேளைதோறும் எண்ணிப் பார்த்தேன். துளி பிசகவில்லை.

முதல் ஒத்திகை கோயில் மேல்மாடியில். மேலே தகரம் வேய்ந்த தாழ்வான கூரை. சித்திரை வெயில் நாள் முழுக்க அதன்மேல் படுத்துக் கிடந்துவிட்டுப் போயிருந்தது. ஆர்மோனியத்தின் மேல் டப்பாவை வைத்து ஸ்விட்சைப் போட்டேன். முதலில் ஒழுங்காகத்தான் டிக்கியது. பாதிப் பாட்டில் அதற்கு ஏதோ அவசரம் வந்துவிட்டது. கோஷ்டி அதைத் துரத்தியது. மாஸ்டரின் தலை கோழி கொத்துவது போல ஆடியது. அக்கா மட்டும் தன் கடைசி எழுத்தில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார்.

மாஸ்டர் வாசிப்பதை நிறுத்தினார். "இன்னாபா, பூசைக்குப் பாட்டா, பஸ்சைப் புடிக்க ஓட்டமா?"

டப்பாவை மறுநாள் கன்ட்ரோல் ரூமுக்கு எடுத்துப் போய் எண்ணினேன். சரியாக இருந்தது. மேல்மாடிக்குக் கொண்டுவந்தேன். ஓடியது. திரும்ப எடுத்துப் போனேன். சாது. இரண்டு வீட்டில் வளர்ந்த பிள்ளை மாதிரி ஒரு வீட்டில் ஒரு குணம், மற்றொரு வீட்டில் மற்றொரு குணம். கோயிலுக்கு வந்தால்தான் இப்படி ஆடுகிறதே, டப்பாவுக்கு ஏதாவது பிடித்திருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் யோசித்த யோசனை.

உண்மை மிகச் சாதாரணமானது. டப்பாவுக்குள் நடப்பது குழாயடியில் நடப்பதுதான். ஒரு சின்னக் குழாய், கீழே ஒரு குடம். குடம் நிறைந்ததும் ஒரு 'டிக்'. உடனே அடுத்த குடம். குழாய் ஒரே அளவில் ஒழுகினால் டிக்கும் ஒரே அளவில் வரும். ஆனால் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் என்பது வாஷர் தேய்ந்த இன்னொரு குழாய், அதே குடத்துக்குப் பக்கத்திலேயே நின்று திருட்டுத்தனமாகக் கசிகிற குழாய். குளிரில் கசிவு கொஞ்சம்தான். பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்னும் பத்து ஏறினால் அதற்கும் இரண்டு மடங்கு. குடம் சீக்கிரம் நிறையும், டிக்கும் சீக்கிரம் வரும். நான் ஏ.சி.யில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தாளம் ஏ.சி.க்கு மட்டும்தான் சரி.

சமீபத்தில் எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மோட்டாரை நேரத்துக்குப் போட்டு நிறுத்த ஒரு பெட்டி மாட்டினார்கள். அதற்குள் நகத்தளவு மைக்ரோகன்ட்ரோலர். கடிகாரத்துக்கென்று தனியாக ஒரு படிகம் வைக்காமல், சில்லுக்குள்ளேயே இருக்கிற துடிப்பை நம்பி ஓடுகிற சாதி. மொட்டைமாடி வெயிலில் கத்திரி முழுக்க வெந்தபிறகு அதன் காலை நேரம் ஊருக்குப் பொருந்தவில்லை. அந்தச் சில்லின் விவரத்தாளைத் தேடிப் படித்தேன். இருபத்தைந்து டிகிரியில் இன்ன துல்லியம் என்று முதல் பக்கத்திலேயே பெருமை. மற்றச் சூட்டில் என்ன ஆகும் என்பது எங்கோ பின்பக்கத்தில், ஒரு வளைந்த கோடாக. அந்தக் கோட்டைப் பார்த்து நான் சிரித்ததைக் கண்டு, இந்த வயசில் எதைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார் என்று வீட்டில் சந்தேகப்பட்டார்கள். கசிவு எத்தனையோ பங்கு குறைந்துவிட்டது. ஆனாலும் அதே குடும்பம், அதே முகஜாடை.

அன்றைக்கு எனக்கு யாரும் வளைகோடு போட்டுக் கொடுக்கவில்லை. நான் செய்தது இன்னும் புத்திசாலித்தனமான காரியம். ஏ.சி.யில் சரிசெய்ததுதானே தப்பு, மேல்மாடியிலேயே சரிசெய்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் அங்கேயே வெந்துகொண்டு திருகை வைத்தேன். சாயங்காலம் ஒத்திகை. எல்லோரும் கூடி நின்ற நேரம் கடல்காற்று கிளம்பியது. ராயபுரத்தில் அது வந்தால் வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி, எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவோம். மேல்மாடி குளிர்ந்தது. டப்பா கொட்டாவி விட ஆரம்பித்தது. டிக்... டிக்... அக்காவின் இழுப்புக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற வேகம்.

அக்கா பாட்டை முடித்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார். "பாத்தியா? பொட்டியே என் கச்சி."

பெண்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த டீக்கான காசு இருந்தது.

டப்பாவை ஈரமணல் பானைக்குள் வைத்துப் பார்த்தேன். டப்பாவுக்கு வேர்த்து, பேச்சே நின்றுவிட்டது. சிலிக்கான் டிரான்சிஸ்டருக்குக் கசிவு மிகக் குறைவு. மூர் மார்க்கெட்டில் கேட்டால் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது ராக்கெட்டுக்குப் போடறதாச்சே. நீ இன்னா உடப் போற?" என்றார். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. திருவிழா போனால் என் டப்பாவாலும் போனது என்று ராயபுரம் பேசும். அது எனக்குக் கவலைதான். ஆனால் மாஸ்டர் ஒத்திகை முடிந்தபிறகு தனியாக உட்கார்ந்து, சத்தம் வராமல் ஆர்மோனியக் கட்டைகளை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்க்க அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வழி கிடைத்தது என் மூளையிலிருந்து இல்லை, இடுப்பிலிருந்து. ஒருநாள் வேலை முடிந்து மணலியிலிருந்து சைக்கிளில் வரும்போது டப்பாவைச் சட்டைக்குள், வயிற்றை ஒட்டிச் செருகியிருந்தேன். ஸ்விட்ச் போட்டபடியே இருந்திருக்கிறது. வழி முழுக்க வயிற்றில் டிக்டிக். எண்ணெய்க் கம்பெனி ரோட்டில் அனல், கடற்கரை ரோட்டில் காற்று, இரண்டிலும் அது ஒரே மாதிரி டிக்கியது என்பது காசிமேடு தாண்டியபிறகுதான் உறைத்தது. சைக்கிளை நிறுத்தி வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பெரியவர் வந்து, "வலியா தம்பி? சோடா வேணுமா?" என்று கேட்டார்.

எங்கள் தொழிற்சாலையில் நுட்பமான சில கருவிகளை ஒரு சூட்டுப்பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். வெளியே மழையோ வெயிலோ, உள்ளே எப்போதும் ஒரே சூடு. மனுஷன் உடம்பும் அப்படி ஒரு பெட்டிதானே. மே மாதமானாலும் மார்கழியானாலும் உள்ளே ஒரே சூடு. கரண்ட் வேண்டாம், இட்லி போதும்.

மாஸ்டர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஸ்பீக்கரை எடுத்துவிட்டு ரேடியோவில் வருகிற ஒற்றைக் காது ஒயர் ஒன்றை மாட்டினேன். டப்பா மாஸ்டரின் வயிற்றில், ஒயர் அவர் காதில். அவர் கேட்டுத் தலையாட்டுவார், கோஷ்டி அவர் தலையைப் பார்த்துப் பாடும். டப்பாவைக் கட்ட ஒரு துணிப்பட்டை வேண்டும். தைக்க வேண்டியவர் அக்கா.

அக்கா பழைய தலையணை உறையைக் கிழித்து, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "இந்தப் பொட்டி யாருக்கோசரம் வந்துதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறீங்களா ரெண்டு பேரும்?"

நானும் மாஸ்டரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தோம்.

"திருவிழா நம்ம கைய உட்டுப் போவக் கூடாது. அதுக்காவ தைக்கறேன். பொட்டிக்காவ இல்ல" என்று பல்லால் நூலைக் கடித்தார்.

பட்டையை மாஸ்டர் வயிற்றில் இறுக்கிக் கட்டினோம். நான் முட்டி போட்டுக்கொண்டு, ஒரு கையில் கடிகாரம், மறு கையில் ஸ்க்ரூ டிரைவர், டப்பாவின் ஓட்டை வழியாகத் திருகைத் திருப்பினேன். மாஸ்டருக்குக் கூச்சம் அதிகம். ஸ்க்ரூ டிரைவர் போகும்போதெல்லாம் நெளிந்தார். "ஆடாத மாஸ்டர், தாளம் மாறுது." "நீ குத்தாத, நான் ஆடல." பக்கத்து வீட்டு அம்மா வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அதன்பிறகு நடந்த ஒத்திகைகளில் டப்பா சொன்ன பேச்சைக் கேட்டது. வெயிலிலும் அதே டிக். கடல்காற்றிலும் அதே டிக். அக்கா கடைசி எழுத்தில் நின்றால் மாஸ்டர் கோபப்படாமல் காதிலிருந்த ஒயரை விரலால் காட்டுவார். நான் இல்லை, இது சொல்லுது என்று அர்த்தம். அக்கா உதட்டைச் சுழித்துக்கொண்டு அடுத்த வரிக்கு வருவார். சாமியார் ஒரு தடவை எதேச்சையாக மேலே வந்தவர், ஒயரைப் பார்த்துவிட்டுச் சற்று நின்றார். "கிரிக்கெட் ஸ்கோர் என்ன மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கினார். விளக்கம் சொல்லத் துணிச்சலில்லாமல் நாங்கள் இருவரும் சிரித்து வைத்தோம்.

திருவிழா அன்று கோயில் நிரம்பி வாசல்வரை கூட்டம். ஆண்கள் பக்கத்தில் பாதிப் பேர் ஷிப்ட்டுக்குப் போகிற காக்கி உடுப்போடு வந்திருந்தார்கள். மாஸ்டர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, உள்ளே பட்டை, காதில் ஒயர். முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. பதற்றம் என்று நினைத்தேன்.

வருகைப் பாடல் சரியான வேகத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கூடுதலான வேகத்தில் முடிந்தது. அதற்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வானவர் கீதம் வந்தது. எங்கள் கோஷ்டியின் வாழ்நாளில் அந்தக் கீதத்தை அப்படி யாரும் கேட்டதில்லை. நடந்து பழகியவர்களைப் பின்னாலிருந்து யாரோ தள்ளிக்கொண்டே வந்த மாதிரி இருந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, காதில் வருவதற்கு அப்படியே தலையாட்டினார். அக்கா கடைசி எழுத்தைப் பிடிக்கக் கையை நீட்டுவதற்குள் அது போய்விட்டிருந்தது. முகம் சிவந்து, மூச்சு வாங்கி, ஆனால் ஒரு சுருதிகூடப் பிசகாமல் அக்கா ஓடினார். நான் வாயை அசைப்பதையே மறந்துவிட்டேன்.

திருகு நகர்ந்திருக்குமோ? பாட்டரியோ? கூரை சூடு பட்டைக்குள் புகுந்துவிட்டதா? ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். எதுவும் இல்லையென்றால் மிச்சம் ஒன்றுதான். பெட்டி சூடாகியிருக்கிறது. தகரப்பெட்டி இல்லை, மனுஷப்பெட்டி.

வேத வாசகங்கள் முடிந்து சாமியார் பிரசங்கத்துக்கு நின்றதும் நான் குனிந்தபடியே மாஸ்டரிடம் போய் அவர் கழுத்தில் புறங்கையை வைத்தேன். தோசைக்கல்.

"மாஸ்டர், காச்சல் கொதிக்குது."

"ராத்திரிலேர்ந்து. அவளாண்ட சொல்லாத. இன்னிக்கு உட்கார வுட மாட்டா."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "காச்சல் கீதுன்னு பொட்டியாண்ட சொல்லத் தெரியுது. பொண்டாட்டியாண்ட சொல்லத் தெரில" என்றார், பிரசங்கத்துக்குக் கேட்காத குரலில். அக்காவுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மாஸ்டர் எழுந்திருக்க மறுத்தார். வாசிக்க அவரைவிட்டால் ஆளும் இல்லை. டப்பாவை என் வயிற்றுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. தூணுக்குப் பின்னால் மாஸ்டரின் சட்டைப் பொத்தானை அக்கா கழற்றினார், என் சட்டையை நான் கழற்றினேன். கீழே சாமியார் மாதாவின் தாழ்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பட்டை என் இடுப்புக்குச் சுற்றவில்லை. தின்று வளர்த்த இடுப்பு. அக்கா அதைத் தன் ஊக்கு ஒன்றைக் கொண்டு இழுத்துப் பிடித்தார். ஒயரோ குட்டை. ஆகவே நான் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில், மாஸ்டரின் தோளை ஒட்டி, பொத்தான் போடாத சட்டையோடு நிற்க வேண்டியதாயிற்று. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஒயர். டப்பாவின் சூடு இறங்கிச் சமாதானமாக நேரம் வேண்டுமே என்று கவலைப்பட்டேன். அதற்குச் சாமியார் பிரசங்கம் தாராளமாகப் போதும் என்பதை, அனுபவம் இருந்தும், மறந்திருந்தேன்.

காணிக்கைப் பாடலிலிருந்து எல்லாம் சரியான வேகம். என் வயிறு அன்றைக்குச் செய்த அளவு சேவையை என் தொண்டை ஒருநாளும் கோயிலுக்குச் செய்ததில்லை. மாஸ்டர் காய்ச்சல் கண்களோடு என் வயிற்றின் தாளத்துக்கு வாசித்தார். திருவிருந்துப் பாடல் முடிந்தது. எட்டிப் பார்த்தேன். காக்கிச் சட்டைகள் அப்படியே இருந்தன. கடைசி ஆசீருக்குச் சாமியார் கையைத் தூக்கினார், அத்தனை பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் எங்கிருந்தோ முதல் சங்கு கேட்டது, அவர்கள் ஓடினார்கள்.

அக்கா மாஸ்டரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பின்படி வழியாக வீட்டுக்குப் போய்விட்டார். சாமியார் மேலே வந்தபோது நான் மட்டும், சட்டை திறந்து, ஊக்கு குத்திய பட்டையோடு நின்றிருந்தேன். இனி ஸ்கோர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடி, குடம், கசிவு, காய்ச்சல். அவர் ஒயரை வாங்கித் தன் காதில் வைத்துச் சற்று நேரம் கேட்டார்.

"ஆசீருக்கு ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை, பார்த்தீர்களா?" என்றார். "மாஸ்டரிடம் சொல்லுங்கள், அடுத்த வருஷமும் அவர்தான். ஆனால் ஒன்று. வானவர் கீதம் பாடினார்களே, அந்த வேகம்தான் எனக்கு வேண்டும், எல்லாப் பாட்டுக்கும். பிரசங்கத்துக்கு அப்புறம் மறுபடி கொஞ்சம் இழுப்பு வந்துவிட்டது."

இழுப்பு என்றது என் வயிற்றை.

சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பாயில் படுத்திருந்தார். நெற்றியில் ஈரத்துணி. சாமியார் சொன்ன முதல் பாதியைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். ஈரத்துணித் தண்ணீர் மட்டும்தான் காதுப்பக்கம் வழிந்ததா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. பிறகு இரண்டாம் பாதியைச் சொன்னேன்.

"காச்சல் வேகமா கேக்கறாரு?"

"ஆமா மாஸ்டர்."

"அது எவ்ளோன்னு எண்ணி வச்சியா?"

எண்ணவில்லை. பூசை நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்க யாருக்குத் தோன்றும்? திருகைக் கொஞ்சம் திருப்பினால் கிடைத்துவிடும் என்று சமாளித்தேன். எவ்வளவு கொஞ்சம் என்று மாஸ்டர் கேட்டார். அவர் சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தூக்கினார்.

"கட்டு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாமியாருக்குப் பிடித்த வேகம் உலகத்திலேயே அந்த ஒரு வயிற்றில்தான் இருந்தது, அதுவும் காய்ச்சல் இருக்கிறவரைக்கும்தான். பட்டையைக் கட்டினேன். ஒயரை என் காதில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். டப்பா சூடாகும்வரை காத்திருந்தோம். அக்கா ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர் டம்ளரோடு எங்கள் தலைமாட்டில் நின்றார்.

"மனுசன் வெந்துகினு கீறாரு. ஜல்தி எண்ணு."

எண்ணினேன். தப்பாகிவிடுமோ என்று இன்னொரு தடவையும் எண்ணினேன். இரண்டும் ஒத்துப்போயின. தலையசைத்தேன். அக்கா மாத்திரையை மாஸ்டர் வாயில் போட்டுத் தண்ணீரைக் கொடுத்தார்.

டப்பாவை அவிழ்க்கலாம் என்று கையை நீட்டியவன், ஒயரைக் காதிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் தூங்கிப்போனார். ரொம்ப நேரம் கழித்து அவர் கழுத்தில் வேர்வை பொடித்தது. காதில் டிக் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஆமாம், தளர்ந்துதான் இருந்தது. கடிகாரமாக இருக்கத் தகுதியில்லாத என் டப்பா, காய்ச்சல் பார்க்க அத்தனை ஒழுங்காக இருந்தது.

"எறங்குது அக்கா" என்றேன்.

அக்கா நம்பவில்லை. என் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, பாயின் ஓரத்தில் குந்தினார். நான் கிளம்பும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.